கெடுவுக்கு முன்பே கட்டியும் வட்டி ஏன் வந்தது?

வாசகர் கேள்வி: மார்ச் 5 அன்று ஓர் அவசரத்துக்காகக் கடன் அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் 20,000 எடுத்தேன். அதற்கு முன் அந்த அட்டையில் பாக்கி எதுவும் இல்லை. அதன் பிறகும் எதுவும் வாங்கவில்லை. மார்ச் 20 தேதியிட்ட பில்லில் 20,925.08 கட்ட வேண்டும் என்றும், ஏப்ரல் 9 கடைசி நாள் என்றும் இருந்தது. ஏப்ரல் 8 அன்றே முழுத் தொகையையும் கட்டிவிட்டேன். ஆனால் ஏப்ரல் 20 பில்லில் வட்டி என்று 365.72 வந்திருக்கிறது. கெடுவுக்குள் முழுமையாகக் கட்டியவரிடம் மறுபடியும் வட்டி கேட்பது முறையா? வங்கி கணக்கில் தவறு செய்துவிட்டதா? இன்னொரு கேள்வியும் உண்டு. குடும்பத்தில் ஒருவருக்கு விரைவில் அறுவை சிகிச்சை நடக்க இருக்கிறது. அதற்கு 50,000 தேவை. இரண்டு மாதத்தில் திருப்பிக் கட்டிவிடுவேன். இந்த முறையும் அட்டையில் பணமாக எடுக்கலாமா? அட்டையின் வட்டி ஆண்டுக்கு 36 சதவீதம், ரொக்கம் எடுப்பதற்கான கட்டணம் 3 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.

ஆலோசகர் பதில்: அன்புள்ள வாசகருக்கு, தேதிகளையும் தொகைகளையும் வட்டி விகிதத்தையும் விடாமல் எழுதியதற்கு முதலில் நன்றி. இத்தகைய கடிதங்களில் பெரும்பாலானவை "வங்கி அநியாயமாகப் பிடித்துவிட்டது" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும். அவற்றை வைத்துக்கொண்டு எதையும் கணக்கிட முடியாது. உங்கள் கடிதத்தை வைத்துக் கடைசிப் பைசா வரை கணக்கிட முடிந்தது. இந்தப் பகுதியைப் பல நாடுகளில் வாழ்பவர்கள் படிப்பதால் நாணயத்தின் பெயரை நீக்கிவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொள்கிறேன். கணக்கு எந்த நாணயத்துக்கும் ஒன்றுதான்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில் இது: உங்கள் வங்கி ஒப்பந்தப்படிதான் கணக்கிட்டிருக்கிறது. அந்த 365.72 நீங்கள் கட்ட வேண்டிய தொகையே. இது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் உங்கள் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது; கடன் அட்டை வைத்திருப்பவர்களில் மிகப் பலருக்கு அதே அனுமானம் உண்டு. பில்லில் அச்சாகும் கடைசி நாள்வரை வட்டி ஓடாது என்பதே அது. பொருள் வாங்கும்போது அது சரி. முந்தைய பாக்கி இல்லாத அட்டையில் ஒரு பொருளை வாங்கி, அடுத்து வரும் பில்லைக் கெடுவுக்குள் முழுமையாகக் கட்டினால், வாங்கிய நாளிலிருந்து கட்டிய நாள்வரை ஒரு காசு வட்டியும் கிடையாது. அதை வட்டியில்லாக் காலம் என்கிறோம். ரொக்கமாக எடுக்கும் பணத்துக்கு, பொதுவாக, அந்தக் காலம் ஒரு நாள்கூட இல்லை. இயந்திரத்திலிருந்து நோட்டு வெளியே வரும் அன்றே வட்டி தொடங்கிவிடுகிறது. பணம் வங்கிக்குத் திரும்பிச் சேரும்வரை அது நிற்பதில்லை. நடுவில் பில் வருவதோ, கெடு தேதி இருப்பதோ அதன் ஓட்டத்தைத் தொடுவதே இல்லை. ரொக்கத்தைப் பொறுத்தவரை கெடு தேதி என்பது தாமதக் கட்டணத்துக்கும் கடன் வரலாற்றில் விழும் கறுப்புப் புள்ளிக்கும் மட்டுமே எல்லைக்கோடு.

இனி உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். எடுத்த தொகை 20,000. அதற்கு 3 சதவீதக் கட்டணம் 600. அதுவும் அன்றே உங்கள் கணக்கில் பற்று எழுதப்பட்டிருக்கும். ஆக மார்ச் 5 அன்று உங்கள் பெயரில் நின்ற கடன் 20,600. ஆண்டு வட்டி 36 சதவீதம் என்றால் அந்தக் கடனுக்கு ஆண்டு முழுவதற்கும் 7,416. அதை 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 20.3178. மார்ச் 5 முதல் மார்ச் 20 வரை, இரண்டு நாட்களையும் சேர்த்து, 16 நாட்கள். பதினாறு மடங்கு 325.08. இருபதாயிரம், அறுநூறு, முந்நூற்று இருபத்தைந்தும் சில்லறையும்: கூட்டிப் பாருங்கள், 20,925.08. முதல் பில் அப்படியே வந்துவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். எடுத்த 20,000-க்கு மட்டும் வட்டி போட்டிருந்தால் பதினாறு நாளுக்கு 315.62 மட்டுமே வந்திருக்கும். உங்கள் வங்கி 325.08 கேட்டதிலிருந்தே, கட்டணத்தின் மேலும் வட்டி ஏறியிருக்கிறது என்பது தெரிகிறது. இதை எல்லா இடத்திலும் செய்துவிட முடியாது. எடுத்துக்காட்டாக, செலுத்தப்படாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அவற்றுக்கு வட்டி கணக்கிடக் கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட கடன் அட்டை வழிகாட்டுதலில் சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் "ரொக்கக் கட்டணம் ரொக்க நிலுவையின் ஒரு பகுதியாகக் கருதப்படும்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வேறுபாட்டை மட்டும் கேள்வி கேட்க உங்களுக்கு இடம் உண்டு. ஆனால் இரண்டு பில்களுக்கும் சேர்த்து அந்த வேறுபாடு ஏறக்குறைய இருபதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, உங்களைக் கொதிப்படையச் செய்த 365.72. மார்ச் 20 அன்று பில் அச்சானபோது அன்றுவரை சேர்ந்திருந்த வட்டியை மட்டுமே அதில் எழுத முடியும். நீங்கள் எந்த நாளில் கட்டப் போகிறீர்கள் என்பது வங்கிக்கு அன்று தெரியாது. ஆனால் கடன் மார்ச் 21 அன்றும் இருந்தது, 22 அன்றும் இருந்தது, ஏப்ரல் 7 இரவுவரை இருந்தது. மார்ச்சில் மீதி 11 நாட்கள், ஏப்ரலில் 7 நாட்கள், ஆக 18 நாட்கள். 20.3178-ஐ 18-ஆல் பெருக்கினால் 365.72. பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையே ஓடிய அந்த வட்டிதான் அடுத்த பில்லில் வால்போலத் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது. பில்லில் கண்ட தொகையை முழுமையாகக் கட்டியதாக நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்தத் தொகை மார்ச் 20 அன்றைய கடனே தவிர, ஏப்ரல் 8 அன்றைய கடன் அன்று.

வங்கிகள் இதை இன்னும் தெளிவாகச் சொல்லலாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ரொக்க நிலுவை இருக்கும் பில்லில் "இந்தத் தொகையைக் கட்டினாலும் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி அடுத்த பில்லில் வரும்" என்று ஒரு வரி கொட்டை எழுத்தில் இருந்தால், இத்தகைய கடிதங்களில் பாதி எழுதப்பட்டே இருக்காது. அந்த வரி பல ஒப்பந்தங்களில் இருக்கத்தான் செய்கிறது. பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய இடத்தில் இருக்கிறது.

உங்கள் வங்கி வட்டியின் மேல் வட்டி போடவில்லை. அப்படிப் போட்டிருந்தால் முதல் பில்லில் 325.08-க்குப் பதிலாக 327.50 வந்திருக்கும். ஒவ்வொரு நாளும் அன்றைய வட்டியை அசலோடு சேர்த்து மறுநாள் அதற்கும் வட்டி கணக்கிடும் தினக் கூட்டு வட்டி முறையைப் பின்பற்றும் அட்டைகளும் உண்டு. சில வாரங்களில் திருப்பிவிடுபவருக்கு இது சில்லறை வேறுபாடு. ஆண்டுக்கணக்கில் இழுப்பவருக்கு அப்படியல்ல. அந்த முறையில் 36 சதவீதம் என்று அறிவிக்கப்பட்ட வட்டி ஓராண்டில் 43 சதவீதத்துக்கு மேல் போய்விடும். அத்தகைய அட்டையில் உங்களுக்கு வந்த வாலுக்கே இன்னொரு குட்டி வாலும் முளைக்கும். ஏப்ரல் 8 அன்று நீங்கள் கட்டிய பிறகும் கணக்கில் நின்ற 365.72-க்கு நாளுக்கு முப்பத்தாறு காசு வீதம் ஏறி, அது மூன்றாவது பில்லில் தலைகாட்டும். சிறு தொகைதானே என்று அதை விட்டுவிட்டு, பிறகு அதற்குத் தாமதக் கட்டணம் வந்து விழுந்ததும் என்னிடம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் வசூலிக்கப்பட்ட தாமதக் கட்டணம் பாக்கியைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது.

பொருளுக்கு ஒரு நியாயம், பணத்துக்கு ஒரு நியாயமா என்று நீங்கள் கேட்கக்கூடும். இதற்குக் காரணம் இருக்கிறது. அது தெரிந்தால் விதியை நினைவில் வைத்துக்கொள்வது எளிது. நீங்கள் கடையில் அட்டையைத் தேய்க்கும்போது விற்பனையாளருக்கு முழுத் தொகை போய்ச் சேர்வதில்லை. அதில் ஒரு சிறு பங்கு கழிக்கப்பட்டு, அதன் பெரும்பகுதி உங்களுக்கு அட்டை கொடுத்த வங்கிக்கு வருகிறது. உங்களுக்கு வட்டியில்லாமல் சில வாரம் கடன் கொடுப்பதற்கான செலவை வங்கி அந்த வரவிலிருந்துதான் ஈடுகட்டுகிறது. 1950-இல் நியூயார்க்கில் தொடங்கிய டைனர்ஸ் கிளப் அட்டையின் அடிப்படையே இதுதான்: வாடிக்கையாளர் மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்டிவிடுவார், நிறுவனம் உணவகங்களிடமிருந்து தன் பங்கைப் பெற்றுக்கொள்ளும். மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டும் கட்டி மீதிக்கு வட்டி கொடுக்கும் சுழல் கடன் முறை, பேங்க் ஆஃப் அமெரிக்கா 1958-இல் பேங்க்அமெரிகார்டு என்ற அட்டையை வெளியிட்ட பிறகே பரவலானது. ஏடிஎம்மில் இந்த ஓட்டம் தலைகீழாகிவிடுகிறது. அங்கே விற்பனையாளர் யாரும் இல்லை. பங்கு கொடுப்பவரும் இல்லை. மாறாக, இயந்திரம் வேறு வங்கியுடையதாக இருந்தால், உங்கள் வங்கிதான் அந்த வங்கிக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். வட்டியில்லாக் காலத்துக்குப் பணம் போட ஆள் இல்லாத இடத்தில் அந்தச் சலுகையும் இருப்பதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. வங்கிகள் அதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. வேறு வழியில் பணம் கிடைக்காதவர்தான் இந்த வழிக்கு வருகிறார் என்பது அவர்களின் அனுபவம். திருப்பி வராமல் போகும் ஆபத்து கூடுதல் என்று கருதுவதால், சில அட்டைகளில் ரொக்கத்துக்கான வட்டி விகிதமே பொருள் வாங்குவதற்கான விகிதத்தைவிட உயர்வாக இருக்கும். மொத்தக் கடன் வரம்புக்குள் ரொக்கத்துக்கென்று தனியாக ஒரு சிறிய வரம்பு வைத்திருப்பதும் அதனால்தான்.

உங்களுக்கு மொத்தத்தில் ஆன செலவைச் சேர்த்துப் பார்ப்போம். கட்டணம் 600, வட்டி 325.08, மறுபடி 365.72, ஆக 1,290.80. இருபதாயிரத்தை 34 நாட்கள் வைத்திருந்ததற்கு இது ஆறரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு என்று மாற்றினால் ஏறக்குறைய 69 சதவீதம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்த 36, கட்டணத்தையும் சேர்த்ததும் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. இந்த எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துவது ஆலோசகர்களுக்குப் பிடித்த வேலை. எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. மார்ச் 10 அன்றே நீங்கள் பணத்தைத் திருப்பியிருந்தால் ஐந்து நாள் வட்டி 101.59, கட்டணம் 600, ஆக 701.59 மட்டுமே ஆகியிருக்கும். ஆனால் அதை ஆண்டு விகிதமாக மாற்றினால் 256 சதவீதம் என்று வரும்! குறைவான நாளில் கட்டணம் பெரிதாகத் தெரிவதால் வரும் விளைவு அது. கையிலிருந்து போவது 1,290.80-ஆ 701.59-ஆ என்பதே உங்களுக்கு முக்கியம். சதவீதம் ஒரு கடனை இன்னொரு கடனோடு ஒப்பிடுவதற்கு மட்டும் போதும்.

அந்த இரண்டு தொகைகளுக்கும் இடையிலான வேறுபாடு 589.21. பில்லுக்காகக் காத்திருந்ததன் விலை அது. கட்டணத்தை ஒன்றும் செய்ய முடியாது. எடுத்த கணத்திலேயே அது போய்விட்டது. வட்டியோ உங்கள் கையில் இருக்கிறது. ரொக்கம் எடுத்தவர் பில் வரட்டும் என்று ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். கையில் பாதிப் பணம் வந்தால் பாதியைக் கட்டுங்கள். மறுவாரம் மீதி வந்தால் மீதியைக் கட்டுங்கள். முழுமையாக முடிக்கும் நாளில் வங்கியைத் தொலைபேசியில் அழைத்து, "பில் தொகை எவ்வளவு" என்று கேட்காமல், "இன்று கட்டினால் கணக்கு அடியோடு தீர எவ்வளவு" என்று கேளுங்கள். இரண்டு கேள்விகளுக்கும் இரு வேறு பதில்கள் வரும். பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போன நாளுக்கும் அட்டைக் கணக்கில் வரவாகும் நாளுக்கும் இடையே ஒன்றிரண்டு நாள் இருந்தால் அந்த நாட்களுக்கும் வட்டி ஓடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் இனி இதே அட்டையில் பொருளும் வாங்கப் போகிறீர்கள். ஒரே அட்டையில் பொருள் நிலுவையும் ரொக்க நிலுவையும் சேர்ந்து இருக்கும்போது ஒரு பகுதியை மட்டும் கட்டினால், அந்தப் பணம் எதற்குப் போகிறது? அதைத் தீர்மானிப்பவர் நீங்கள் அல்லர். வட்டி குறைவான நிலுவையை முதலில் தீர்த்து, வட்டி கூடிய ரொக்கத்தைக் கடைசிவரை ஓடவிடுவது ஒரு காலத்தில் பல நாடுகளில் வங்கிகளின் வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் 2009-இல் இயற்றப்பட்ட கடன் அட்டைச் சட்டம், பில்லில் கட்டியே ஆக வேண்டும் என்று குறிக்கப்படும் குறைந்தபட்சத் தொகைக்கு மேல் வாடிக்கையாளர் கட்டுவது வட்டி மிகுந்த நிலுவைக்கே முதலில் போக வேண்டும் என்று மாற்றியது. பிரிட்டனிலும் 2011 முதல் வட்டி மிகுந்த கடனே முதலில் தீர்க்கப்படுகிறது. மற்ற இடங்களில் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் விதி. ஆகவே ரொக்கம் எடுத்த அட்டையில், அது தீரும்வரை, வேறு எதையும் வாங்காமல் இருப்பது நல்லது. வாங்கினால், ஒரு பகுதி மட்டும் கட்டிய மாதத்தில் பொருளுக்கான வட்டியில்லாக் காலமும் சேர்ந்து பறிபோகலாம்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. உங்கள் 20,925.08-க்கு 5 சதவீதம் என்று வைத்தால் 1,046. அதே காலத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே 600-ஐத் தாண்டும். மீதி ஏறக்குறைய 430 மட்டுமே கடனைக் குறைக்கும்.

ஏடிஎம்முக்குப் போனால்தான் ரொக்கம் என்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வங்கியின் கவுன்ட்டரில் அட்டையைக் காட்டிப் பணம் பெறுவது, வங்கி அனுப்பும் காசோலைத் தாள்களைப் பயன்படுத்துவது, வெளிநாட்டு நாணயம் வாங்குவது, சூதாட்டத் தளங்களில் பணம் போடுவது ஆகியவற்றையும், சில அட்டைகளில் மின்பணப்பையை நிரப்புவதையும், வங்கி ரொக்கமாகவே கருதக்கூடும். ஒவ்வொரு பரிவர்த்தனையுடனும் வணிக வகையைக் குறிக்கும் நான்கு இலக்க எண் ஒன்று வங்கிக்கு வருகிறது: 6011 என்றால் ஏடிஎம், 6010 என்றால் கவுன்ட்டரில் பெற்ற ரொக்கம், 6051 என்றால் ரொக்கத்துக்கு நிகரானவை, 7995 என்றால் சூதாட்டம். இவற்றில் சில உங்கள் கண்ணுக்குப் பொருள் வாங்கியதுபோலத்தான் தெரியும். வங்கியின் கணினி எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. வெளிநாட்டில் எடுத்தால் இதோடு நாணய மாற்றுக் கட்டணமும், இயந்திரத்தின் உரிமையாளர் கேட்கும் கட்டணமும் சேரலாம். அங்கே இயந்திரம் "உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிடட்டுமா" என்று அன்போடு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இருப்பதில்லை.

இனி அறுவை சிகிச்சைக்கான 50,000. அட்டையில் ரொக்கமாக எடுத்து 60 நாள் கழித்துத் திருப்பினால் என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம். கட்டணம் 1,500. கடன் 51,500, நாளுக்கு வட்டி 50.79, அறுபது நாளுக்கு 3,047.67. ஆக மொத்தச் செலவு 4,548-ஐ நெருங்கும். இதற்குப் பதிலாக உங்களுக்குச் சம்பளம் வரும் வங்கியில் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில், 2 சதவீதச் செயலாக்கக் கட்டணத்தோடு ஒரு தனிநபர் கடன் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், கட்டணம் 1,000, வட்டி 1,480-க்குச் சற்றுக் கீழே, மொத்தம் 2,480 அளவில் முடிந்துவிடும். இந்த 18-உம் 2-உம் நான் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்டவை. உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்கும்போது, இரண்டு மாதத்தில் முன்கூட்டியே அடைத்தால் அதற்கு அபராதம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனெனில் குறுகிய காலக் கடனில் அந்த அபராதம் ஒன்றே ஒப்பீட்டைப் புரட்டிப் போட்டுவிடும்.

ஆனால் உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது வேறு. மருத்துவமனை அட்டையை ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டீர்களா? பணமாக எடுத்துக்கொண்டு போய் கவுன்ட்டரில் எண்ணிக் கொடுப்பதற்கும், அதே அட்டையை அதே கவுன்ட்டரில் தேய்ப்பதற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. தேய்த்தால் அது பொருள் வாங்கிய கணக்கில் சேரும். 1,500 கட்டணம் இல்லை, வட்டியில்லாக் காலமும் உண்டு. உங்கள் பில் தேதி 20, கெடு அடுத்த 20 நாட்கள். பில் வந்த மறுநாள், ஏப்ரல் 21 அன்று தேய்த்தால் அது மே 20 பில்லில்தான் வரும். ஜூன் 9 வரை, அதாவது 49 நாட்கள், வட்டி இல்லை. ஏப்ரல் 25 என்றால் 45 நாட்கள். அதற்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது: இப்போது நிற்கும் 365.72-ஐ மே 10-க்குள் முழுமையாகக் கட்டியிருக்க வேண்டும். பழைய பாக்கி ஒரு துளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் புதிய செலவுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது என்று சொல்லும் ஒப்பந்தங்களே அதிகம். வங்கியோடு வாதாட வேண்டும் என்று அதை நிறுத்தி வைத்திருந்தால், கட்டிவிட்டு வாதாடுங்கள்.

உங்களுடைய இரண்டு மாதம் 49 நாளுக்குள் அடங்காது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜூன் 9-க்குள் முழுத் தொகையையும் கட்ட முடியாவிட்டால், பல ஒப்பந்தங்களில் வட்டி ஜூன் 10 முதல் தொடங்காது. தேய்த்த நாளிலிருந்தே பின்னோக்கிக் கணக்கிடப்படும். அந்த நிலையிலும் 60 நாளுக்கு 50,000-க்கு வட்டி 2,959 அளவில்தான் வரும். குறைந்தபட்சத் தொகையையாவது கெடுவுக்குள் கட்டியிருந்தால் தாமதக் கட்டணமும் இருக்காது. ரொக்கமாக எடுத்தால் ஆகும் 4,548-ஐவிட இது வெகுவாகக் குறைவு. கடைசிப் பதினொரு நாளுக்காக மட்டும் நெருங்கியவர் ஒருவரிடம் கைமாற்றாகவோ, வேலை செய்யும் இடத்தில் சம்பள முன்பணமாகவோ ஒரு பகுதியைப் பெற முடியுமானால் அதுவும் மிச்சம். ஐம்பதாயிரத்தை அறுபது நாளுக்குக் கேட்பதைவிடப் பதினொரு நாளுக்குக் கேட்பது எளிதல்லவா?

மருத்துவமனை ரொக்கம்தான் வேண்டும் என்று சொன்னால் இன்னொரு வழி இருக்கிறது. இந்த மாதமும் அடுத்த மாதமும் வீட்டுச் செலவுகளில் அட்டையை ஏற்பவை எல்லாவற்றையும் அட்டையில் செலுத்துங்கள். அதனால் சம்பளக் கணக்கில் மிஞ்சும் பணத்தை மருத்துவமனைக்குக் கொடுங்கள். ஐம்பதாயிரமும் இப்படித் தேறாது. ஒரு பகுதி தேறினாலும் அந்தப் பகுதிக்குக் கட்டணமும் இல்லை, வட்டியும் இல்லை. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்றும் உண்டு. தெரிந்த கடைக்காரரிடம் பொருள் வாங்கியதுபோல அட்டையைத் தேய்த்து, ஒரு பங்கை அவர் எடுத்துக்கொண்டு மீதியைப் பணமாகத் தருவது என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். அது கடைக்காரர் தன் வங்கியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் நீங்கள் உங்கள் வங்கியோடு செய்துகொண்டதையும் மீறுவது. கண்டுபிடித்தால் அட்டையே முடக்கப்படும், அதுவும் அறுவை சிகிச்சை நேரத்தில்.

உங்கள் வங்கியே அட்டையின் பேரில் தவணைக் கடன் கொடுப்பதாகக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கக்கூடும். அது ஏடிஎம் ரொக்கத்திலிருந்து வேறுபட்டது; பெரும்பாலும் வட்டியும் குறைவாக இருக்கும். "மாதம் இவ்வளவுதான்" என்ற தவணைத் தொகையை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளாமல், செயலாக்கக் கட்டணம், முன்கூட்டியே அடைக்கும் கட்டணம், வரி இருந்தால் அது, இவை மூன்றையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தொகை 2,480-க்குக் கீழே இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

எந்த வழியும் அடைபட்டு, மருத்துவர் காத்திருக்க முடியாது என்றும் சொல்லிவிட்டால், அட்டையில் ரொக்கம் எடுப்பதில் தவறே இல்லை. 4,548-க்காக யாரும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட மாட்டார்கள். அப்போது மட்டும் ஒரே தடவையாக எடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் குறைந்தபட்சக் கட்டணம் வைத்திருக்கும் அட்டைகளில், ஐயாயிரம் ஐயாயிரமாகப் பத்து முறை எடுப்பவர் பத்துக் கட்டணம் கொடுக்கிறார். உங்கள் அட்டையின் ரொக்க வரம்பு 50,000-க்கு இடம் கொடுக்கிறதா என்பதை இயந்திரத்தின் முன் நின்றுகொண்டு தெரிந்துகொள்ளாமல், முன்பே செயலியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த மறுநாளிலிருந்தே, கையில் வரும் எந்தத் தொகையையும், சிறியது பெரியது பாராமல், அந்தக் கணக்கில் கட்டிக்கொண்டே வாருங்கள். முப்பதாவது நாளில் 25,000 கட்ட முடிந்தாலே, மீதி முப்பது நாள் வட்டியில் ஏறக்குறைய 740 குறையும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டே. 365.72-ஐ இன்றே கட்டிவிட்டு, கணக்கில் இனி ஏதும் நிலுவை இருக்கிறதா என்று வங்கியிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெறுங்கள். மருத்துவமனையின் கணக்குப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, அட்டையை ஏற்பார்களா, ஏற்றால் அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்பார்களா என்று விசாரியுங்கள். சிகிச்சை நல்லபடியாக நடக்கட்டும்.